எந்தச் சோதனைக்கு எந்த ஸ்வாப்: ஓர் ஒப்பீடு

சோதனைக்கான மாதிரியைத் துடைத்தெடுக்க உதவும் குச்சியோ துணியோ ஆன ஸ்வாப்பை வாங்க வேண்டும் என்று முடிவெடுப்பது எளிது. எந்த ஸ்வாப் என்ற கேள்விதான் சிறு ஆய்வகங்களையும், தடயம் சேகரிப்போரையும், நுழைவாயிலில் பைகளைச் சோதிக்கும் பொறுப்பில் உள்ளோரையும், உணவுக்கூடங்களின் தூய்மையைக் கண்காணிப்போரையும் தடுமாற வைக்கிறது. விலைப்பட்டியலில் பஞ்சு, ரேயான், பாலியெஸ்டர், ஃப்ளாக்ட் நைலான், ஃபோம், டெஃப்ளான் பூசிய துணி என்று பெயர்கள் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் நேராக ‘சிறந்த சேகரிப்பு’ என்ற ஒரே வாசகம் அச்சிடப்பட்டிருக்கும். சேகரிப்பு மட்டுமே போதுமென்றால் பழைய பஞ்சுக் குச்சியே எல்லா வேலைக்கும் போதுமானதாக இருந்திருக்கும். பஞ்சு எதையும் நன்றாகவே உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சியதைத் திருப்பித் தரத் தயங்குவதுதான் அதன் குறை.

ஆகவே இந்த ஒப்பீடு பின்னோக்கிச் செல்கிறது. கடைசியில் எந்தக் கருவி விடை சொல்லப் போகிறது என்பதை முதலில் தீர்மானித்து, அந்தக் கருவி கேட்கும் வடிவில் மாதிரியை விடுவிக்கக்கூடிய ஸ்வாப் எது என்று தேடுவதே முறை.

அளவுகோல்கள்

முதல் அளவுகோல் எடுப்பு: தொட்ட இடத்திலிருந்து எவ்வளவு பொருள் நுனியில் ஒட்டிக்கொள்கிறது என்பது. இரண்டாவது விடுவிப்பு: ஒட்டியதில் எவ்வளவு பகுதி திரவத்திலோ வெப்பத்திலோ மீண்டும் வெளியே வருகிறது என்பது. மூன்றாவது குறுக்கீடு: ஸ்வாப்பின் நுனியோ தண்டோ பசையோ சோதனையின் வேதிவினையைக் கெடுக்கிறதா என்பது. நான்காவது தூய்மை. இதில் தூய்மை என்பது ஒரே பொருள் கொண்டதல்ல. நுண்ணுயிர் இல்லாமை, மனித டி.என்.ஏ. இல்லாமை, வெடிபொருள் தடயம் இல்லாமை ஆகிய மூன்றும் வெவ்வேறு தகுதிகள். ஒன்றைப் பெற்ற ஸ்வாப் மற்றொன்றையும் பெற்றிருக்கும் என்று கருதக்கூடாது.

ஐந்தாவது அளவுகோல் மறைமுகச் செலவு. குச்சியின் விலை பெரும்பாலும் மொத்தச் செலவில் மிகச் சிறிய பங்கே. அதை இட்டு அனுப்பும் குழாய், குளிர்நிலை, பயிற்சி பெற்ற கை, தவறான எச்சரிக்கை வந்தால் அதைத் தீர்க்க ஆகும் நேரம் ஆகியவற்றிலேயே பணம் கரைகிறது.

சுற்றிய பஞ்சு

பஞ்சின் இழைகள் நுனியில் இறுக்கமாகச் சுற்றப்பட்டு ஒரு மெத்தைபோல் ஆகிவிடுகின்றன. மாதிரியிலுள்ள நீர்மம் அந்த மெத்தையின் உட்பகுதிவரை ஊறிச் செல்கிறது; பிறகு திரவத்தில் அமிழ்த்திச் சுழற்றினாலும் மேற்பரப்பில் இருப்பதே முதலில் வெளியேறும், உள்ளே போனது பெருமளவு அங்கேயே தங்கிவிடும். இதற்கு மேல், பஞ்சில் இயற்கையாக உள்ள சில கொழுப்பு அமிலங்கள் கொனோரியா நோயை உண்டாக்கும் நைசீரியா போன்ற மென்மையான பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கும். மாதிரியை ஆய்வகம்வரை கெடாமல் கொண்டுசெல்ல உதவும் பழைய போக்குவரத்து ஊடகங்களில் கரித்தூள் சேர்க்கப்பட்டதற்கு இத்தகைய நச்சுத்தன்மையை ஈர்த்துக்கொள்வதே காரணம்.

தண்டையும் கவனிக்க வேண்டும். மரத்தண்டிலிருந்து கசியும் சில பொருள்கள், மிகச் சிறிய அளவு மரபுப்பொருளைப் பலமடங்கு பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். வினையைத் தடுக்கக்கூடும். 2020-இல் கோவிட்-19 பரவியபோது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட வழிகாட்டுதலும், செயற்கை இழை நுனியும் மெல்லிய பிளாஸ்டிக் அல்லது கம்பித் தண்டும் கொண்ட ஸ்வாப்களையே பயன்படுத்த வேண்டும், மரத்தண்டையும் கால்சியம் ஆல்ஜினேட் நுனியையும் தவிர்க்க வேண்டும் என்று கூறியது. கடற்பாசியிலிருந்து பெறப்படும் ஆல்ஜினேட் நுனி ஒரு காலத்தில் கக்குவான் இருமல் பாக்டீரியாவை வளர்த்துக் கண்டறிய விரும்பப்பட்டது. அதே நுனி பி.சி.ஆர். வினையைத் தடுப்பதோடு ஹெர்பீஸ் வைரஸையும் செயலிழக்கச் செய்யும். ஒரு சோதனைக்கு நல்ல ஸ்வாப் அடுத்த சோதனைக்கு ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பஞ்சு முற்றிலும் ஒதுக்கப்பட வேண்டியதல்ல. காயத்தைத் துடைப்பதற்கும் மருந்து தடவுவதற்கும், ஈரமான தடயம் நிறைய இருக்கும் இடத்தில் உறிஞ்சி எடுப்பதற்கும் அது போதும். மாதிரி அதிகமாக இருந்து, கருவி நுண்ணிய அளவைத் தேடாததாக இருந்தால், மலிவான பஞ்சை மறுக்கக் காரணமில்லை.

ரேயான், பாலியெஸ்டர்

இவை பஞ்சுக்கும் ஃப்ளாக்ட் நைலானுக்கும் இடைப்பட்ட நிலை. சுற்றப்பட்ட வடிவம் அதேதான் என்பதால் விடுவிப்பில் பெரிய முன்னேற்றம் இல்லை. ஆனால் வேதிக் குறுக்கீடு குறைவு. தொண்டை அழற்சிக்காகப் பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கும் வழக்கமான சோதனைக்கு இவை இன்றும் தாராளமாகப் பொருந்தும். அங்கே ஸ்வாப்பை நேராகப் பாக்டீரியா வளர்க்கும் தட்டின் மீது உருட்டித் தேய்த்துவிடுவதால், சில நூறு உயிரணுக்கள் நுனியிலேயே தங்கினாலும் வளர்வதற்கு மீதி இருக்கும்.

ஃப்ளாக்ட் நைலான்

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் கோபான் நிறுவனம் பரவலாக்கிய இந்த வகை, ஸ்வாப்பின் கட்டமைப்பையே மாற்றியது. பசை தடவிய பிளாஸ்டிக் நுனியின் மீது குட்டையான நைலான் இழைகள் மின்னேற்றப் புலத்தில் தெளிக்கப்படுகின்றன; அவை படுக்காமல் செங்குத்தாக நின்று ஒட்டிக்கொள்கின்றன. உள்ளே ஊறுவதற்கு மெத்தையே இல்லாததால் நீர்மம் நிற்கும் இழைகளின் இடைவெளியில் நுண்துளை ஈர்ப்பால் தங்குகிறது, திரவத்தில் சுழற்றியதும் விரைவாகக் கழன்றுவிடுகிறது. சில வைரஸ் துகள்களே உள்ள மாதிரியில் இந்த வேறுபாடு விடையையே மாற்றக்கூடியது.

இதன் மறைமுகச் செலவை 2020 வெளிப்படையாகக் காட்டியது. கோபானின் தலைமையிடம் தொற்றால் மிகவும் பாதிக்கப்பட்ட பிரேஷியா நகரில் இருந்தது. மற்றொரு பெரிய தயாரிப்பாளரான ப்யூரிட்டன் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் இருந்தது. உலகெங்கும் ஒரே நேரத்தில் தேவை பெருகியபோது, எத்தனையோ சோதனைக் கருவிகள் குச்சி இல்லாமல் காத்திருந்தன. மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும் முப்பரிமாண அச்சுமுறையில் ரெசினால் ஆன ஸ்வாப்களை வடிவமைத்து அவசரத்துக்குப் பயன்படுத்தின. ஒரே தயாரிப்பாளரின் ஒரே வகையை நம்பி ஒரு சோதனை முறையைக் கட்டமைக்கிறவர்கள், மாற்று ஸ்வாப் ஒன்றை முன்கூட்டியே சரிபார்த்து வைத்திருப்பது நல்லது. நெருக்கடி வந்த பிறகு அதைச் செய்ய அவகாசம் இருக்காது.

ஃபோம் வகையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. இழை உதிராது, மென்மையானது, மூக்கின் முன்பகுதிக்கும் பெரிய பரப்புகளுக்கும் ஏற்றது. மிக நுண்ணிய அளவைத் தேடும் இடத்தில் ஃப்ளாக்ட் நைலானே என் தேர்வாக இருக்கும்.

| வகை | எடுப்பு | விடுவிப்பு | குறுக்கீடு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| பஞ்சு, மரத்தண்டு | நன்று | குறைவு | உண்டு | நிறைய மாதிரி, எளிய வேலை |
| ரேயான், பாலியெஸ்டர் | நன்று | நடுத்தரம் | குறைவு | பாக்டீரியா வளர்ப்பு |
| ஃப்ளாக்ட் நைலான் | நன்று | மிக நன்று | மிகக் குறைவு | பி.சி.ஆர்., டி.என்.ஏ. |
| ஃபோம் | நன்று | நன்று | குறைவு | முன்மூக்கு, பெரிய பரப்பு |
| வெப்பம் தாங்கும் துணி | பரப்பையும் அழுத்தத்தையும் பொறுத்தது | வெப்பத்தில் நன்று | கருவிக்கேற்ப | வெடிபொருள், போதைப்பொருள் தடயம் |

எங்கே தொடுவது: மூக்கின் ஆழமா, முன்பகுதியா, உமிழ்நீரா?

பொருளைத் தேர்ந்த பிறகும் இடத்தைத் தேர்வது மீதமிருக்கிறது. சுவாச வைரஸ்களுக்கு மூக்குத்தொண்டை மாதிரி நெடுங்காலமாக உரைகல்லாகக் கருதப்படுகிறது. ஸ்வாப்பை மேல்நோக்கி அல்லாமல், மூக்கின் தரையை ஒட்டி, காதை நோக்கிக் கிடைமட்டமாகச் செலுத்த வேண்டும். மூக்குத் துளைக்கும் காதின் வெளித்துளைக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கணக்கில் கொண்டு ஆழம் தீர்மானிக்கப்படுகிறது. அங்கே சில நொடிகள் நிறுத்திச் சுழற்றி எடுக்க வேண்டும். இதற்குப் பயிற்சி பெற்ற ஒருவர் தேவை, பாதுகாப்பு உடை தேவை, அசையாமல் உட்காரச் சம்மதிக்கும் நோயாளியும் தேவை. மூக்கிலோ மண்டையோட்டின் அடிப்பகுதியிலோ அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் இதை முன்கூட்டியே கேட்டறியாமல் செய்வது ஆபத்து.

மூக்கின் முன்பகுதி மாதிரிக்கு ஸ்வாப் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை உள்ளே போனால் போதும். இரண்டு துளைகளிலும் உட்சுவரைத் தொட்டுப் பலமுறை சுழற்ற வேண்டும். தனி ஒருவரால் தானே செய்துகொள்ள முடியும். கண்டறியும் திறனில் சிறிது இழப்பு உண்டு, குறிப்பாகத் தொற்றின் தொடக்கத்திலும் முடிவிலும். ஆனால் ஒரு பள்ளியிலோ தொழிற்கூடத்திலோ வாரந்தோறும் எல்லோரையும் சோதிக்க வேண்டும் என்றால், ஆழமான ஸ்வாப்புக்குப் பயந்து பாதிப்பேர் வராமல் போவதைவிட, எளிய ஸ்வாப்புக்கு எல்லோரும் வருவதே அதிகத் தொற்றைக் கண்டுபிடிக்கும். மருத்துவமனையில் கடுமையாக நோயுற்ற ஒருவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே ஒரே ஒரு விடைதான், அது சரியாக இருக்க வேண்டும். உமிழ்நீர் மாதிரிக்கு ஸ்வாப்பே தேவையில்லை என்பது அதன் பலம். பிசுபிசுப்பால் ஆய்வகத்தில் கையாளுவது தொல்லை என்பது பலவீனம்.

எந்த இடத்தில் எடுத்தாலும் ஸ்வாப் உலர்ந்த நிலையில் செல்லலாமா, ஊடகத்தில் செல்ல வேண்டுமா என்பதைச் சோதனை முறையே விதிக்கும். வைரஸ் போக்குவரத்து ஊடகத்தில் இடப்பட்ட சுவாச மாதிரிகளைப் பொதுவாக 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் 72 மணி நேரம் வரை வைக்கலாம். அதற்கு மேல் தாமதமானால் –70 டிகிரி அல்லது அதற்கும் கீழே உறையவைக்க வேண்டும். அந்த வசதி இல்லாத இடத்துக்கு, கிருமியின் புரதத்தைத் தேடி அங்கேயே சில நிமிடங்களில் விடை தரும் ஆன்டிஜென் சோதனைப்பட்டை, கண்டறியும் திறனில் குறைந்தாலும், மொத்தத்தில் மேலானதாக இருக்கக்கூடும்.

தடயவியல்: கிருமியற்றது போதாது

தூய்மையின் மூன்று பொருள்களும் வேறுவேறு என்பதைத் தடயவியல் உலகம் கசப்பாகக் கற்றுக்கொண்டது. 2007-இல் ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் காவல்துறைப் பெண் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த ஒரு பெண்ணின் டி.என்.ஏ., ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பிரான்சிலும் கொலை முதல் சிறு திருட்டு வரை சுமார் 40 குற்ற இடங்களில் பதிவானதோடு ஒத்துப்போனது. ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத குற்றங்களைச் செய்துவிட்டு மறையும் ஒரு பெண்ணைக் காவல்துறை ஆண்டுக்கணக்கில் தேடியது. மூன்று லட்சம் யூரோ பரிசும் அறிவிக்கப்பட்டது. 2009-இல் உண்மை தெரிந்தது. அந்த டி.என்.ஏ. ஸ்வாப்களைப் பொதி செய்த தொழிலாளி ஒருவருடையது. ஸ்வாப்கள் முறைப்படி கிருமிநீக்கம் செய்யப்பட்டிருந்தன. கிருமிகள் இறந்திருந்தன, டி.என்.ஏ. இறக்கவில்லை.

கதிர்வீச்சால் கிருமிநீக்கம் செய்வது உயிரைக் கொல்லும், ஆனால் பி.சி.ஆர். பெருக்கிக்காட்டப் போதுமான டி.என்.ஏ. துண்டுகளை விட்டுவைக்கும். எத்திலீன் ஆக்சைடு வாயு இந்த வேலைக்கு மேலானது. 2016-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 18385 என்ற தரநிலை, தடயவியல் பொருள்களில் மனித டி.என்.ஏ. மாசு ஏற்படும் வாய்ப்பைக் குறைப்பதற்கான நிபந்தனைகளை வகுக்கிறது. எனவே தடயத்துக்கு வாங்குகிறவர்கள் ‘ஸ்டெரைல்’ என்ற சொல்லைக் கண்டு திருப்தி அடையாமல், இந்தத் தரநிலையின் எண் பொதியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தொட்ட இடத்திலுள்ள உலர்ந்த தடயத்துக்கு இரட்டை ஸ்வாப் முறை பொருந்தும்: முதலில் நீரில் நனைத்த ஸ்வாப்பால் தோல் செல்களை இளக்கி, உடனே உலர்ந்த ஸ்வாப்பால் மீதியை எடுப்பது. ஈரம் மிகுந்த குருதிக்கறைக்கு ஒன்றே போதும். எடுத்த பிறகு ஸ்வாப்பை உலர்த்திக் காற்றோட்டமான உறையில் வைக்க வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் குழாயில் அடைத்தால் பூஞ்சையும் பாக்டீரியாவும் டி.என்.ஏ.யைச் சிதைத்துவிடும். மருத்துவ ஸ்வாப்பை ஈரத்தில் வைத்துக் காப்பாற்றப் பழகிய கை இங்கே அதற்கு நேர்மாறாகச் செயல்பட வேண்டியிருக்கிறது.

பாதுகாப்புச் சோதனை: துணியா, வாயுவா, நாயா?

விமான நிலையத்தில் கையையோ பையின் கைப்பிடியையோ ஒரு துணித் துண்டால் துடைத்துக் கருவியில் செருகுவதைப் பலர் பார்த்திருப்பார்கள். குச்சிக்குப் பதில் துணி இருப்பதற்குக் காரணம் கருவியின் உள்ளே இருக்கிறது. துணியைச் சுமார் 200 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, ஒட்டிய துகள்களை ஆவியாக்கி, அவற்றை அயனிகளாக்கி, ஒரு குழாயின் வழியே மின்புலத்தில் ஓட விடுகிறார்கள். ஒவ்வொரு அயனியும் கடைசிவரை வர எடுக்கும் சில மில்லிநொடிகள் அதன் அடையாளம். நானோகிராம் அளவே இருந்தாலும் சில நொடிகளில் விடை கிடைக்கும். இந்த வெப்பத்தில் சாதாரணப் பஞ்சு கருகும், தன் சொந்த ஆவியால் கருவியைக் குழப்பும். ஆகவே டெஃப்ளான் பூசிய கண்ணாடி இழைத் துணியும் நோமெக்ஸ் எனப்படும் அராமிட் துணியும் பயன்படுகின்றன.

துடைத்தாக வேண்டிய கட்டாயம் வேதியியலிலிருந்து வருகிறது. பி.இ.டி.என்., ஆர்.டி.எக்ஸ். போன்ற வெடிபொருள்கள் அறை வெப்பநிலையில் ஆவியாவதே இல்லை என்று சொல்லும் அளவுக்கு ஆவியழுத்தம் குறைந்தவை. காற்றை உறிஞ்சி மோப்பம் பிடிக்கும் கருவிக்கு அவற்றை எட்டுவது கடினம். ஆனால் அவை ஒட்டும். கையாண்டவரின் விரலில் ஒட்டி, அங்கிருந்து ஜிப்புக்கும் கைப்பிடிக்கும் பூட்டுக்கும் தாவும். மாறாக டி.ஏ.டி.பி. என்ற வெடிபொருள் எளிதில் ஆவியாகும்; துணியில் பிடித்ததும் காத்திருக்க நேரும் நிமிடங்களில் மறைந்துவிடக்கூடும். அதற்கு வாயு மாதிரி எடுப்பதே தக்கது. 2009 டிசம்பர் 25 அன்று டெட்ராய்ட் சென்ற விமானத்தில் ஒருவர் உள்ளாடையில் பி.இ.டி.என். மறைத்துக் கொண்டுவந்தார்; உலோகம் தேடும் வாயிலால் அதைக் கண்டிருக்க முடியாது. அதன்பின் 2010-இல் அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் கைகளைத் தற்செயல் தேர்வில் துடைத்துச் சோதிப்பது விரிவாக்கப்பட்டது.

துணி எதைக் கண்டுபிடிக்காது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். அது கூறுவது தொடர்பை, அளவை அல்ல. கைகழுவி, வெளிப்புறத்தைத் துடைத்து, இறுக்கி அடைத்த பொதியில் தடயமே இல்லாமல் போகலாம். அதற்கு எக்ஸ்ரேயும் சி.டி. வருடியும் தேவை. மறுபுறம், இதய நோய்க்கு நைட்ரோகிளிசரின் மாத்திரையோ ஒட்டுப்பட்டையோ பயன்படுத்துகிறவர், நைட்ரேட் உரத்தைக் கையாண்ட உழவர், சிலவகைக் கைக்களிம்பு தடவியவர் ஆகியோரின் கையில் எச்சரிக்கை மணி ஒலிக்கலாம். இந்தத் தவறான எச்சரிக்கைகளைப் பணிவோடும் விரைவாகவும் தீர்க்கக்கூடிய மனிதர்கள் வரிசையில் இல்லை என்றால், எவ்வளவு விலை உயர்ந்த கருவியாலும் பயனில்லை. எனக்குத் தெரிந்தவரை திட்டமிடலில் அதிகம் மறக்கப்படும் செலவு இதுதான்.

மற்றச் செலவுகளும் உண்டு. நிக்கல்-63 என்ற கதிரியக்க மூலத்தைக் கொண்ட கருவிகளுக்கு உரிமமும் குறித்த கால இடைவெளியில் கசிவுச் சோதனையும் தேவை. அந்தக் கசிவுச் சோதனையும் ஒரு ஸ்வாப்பால்தான் நடக்கிறது. கதிரியக்கம் இல்லாத அயனியாக்க முறை கொண்ட கருவிகள் இப்போது கிடைப்பதால், உரிம அலுவலகம் இல்லாத சிறு நிறுவனம் அவற்றையே நாடலாம். மிகையான மாதிரி ஒன்று உள்ளே போனால் கருவி தன்னைச் சூடாக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் வரை வரிசை நிற்கும். பல இடங்களில் ஒரே துணி எச்சரிக்கை வரும்வரை பலருக்குப் பயன்படுகிறது. இது மலிவு, ஆனால் துணி தேயத் தேய எடுப்பு மாறும், தொற்று நோய்க் காலத்தில் எதிர்ப்பும் வரும். துடைக்கும் கையின் அழுத்தமும் விடையைப் பாதிக்கும். மேலோட்டமாகத் தடவினால் துகள்கள் பரப்பிலேயே இருந்துவிடும்.

மோப்ப நாய் நடந்துகொண்டே பெரிய கூட்டத்தையும் சரக்குக் குவியலையும் சோதிக்கும். எந்த வெடிபொருள் என்று சொல்லாது, களைத்துப்போகும், பயிற்றுநர் இல்லாமல் இயங்காது. திறந்த பெருவெளிக்கு நாய், ஒரு பையின் மீதான குறிப்பிட்ட ஐயத்தைத் தீர்க்கத் துணி என்று பிரித்துக்கொள்வதே நடைமுறை.

பரப்புத் தூய்மை: ஏ.டி.பி.யா, வளர்ப்பா?

சமைக்கும் மேசையும் மருத்துவமனைப் படுக்கையும் தூய்மையா என்று பார்க்க இரண்டு ஸ்வாப் முறைகள் உண்டு. ஏ.டி.பி. ஸ்வாப்பில் மின்மினிப் பூச்சியிலிருந்து அறியப்பட்ட லூசிஃபரேஸ் என்ற நொதி, உயிருள்ளவற்றிலும் உணவு மிச்சத்திலும் உள்ள, உயிரணுக்களின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யோடு சேர்ந்து ஒளிர்கிறது. அந்த ஒளியைக் கருவி அரை நிமிடத்துக்குள் எண்ணாகக் காட்டும். வேலை தொடங்கும் முன் ‘மீண்டும் துடை’ என்று சொல்ல இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அந்த எண் கிருமியையும் பால் துளியையும் பிரிக்காது, வைரஸைக் காட்டாது, குளோரின் மிச்சம் இருந்தால் நொதி மங்கி, அழுக்குப் பரப்பும் தூய்மைபோல் தெரியும்.

வளர்ப்பு முறையில் ஒரு குறித்த பரப்பை, வழக்கமாக 10 செ.மீ.க்கு 10 செ.மீ. சட்டத்துக்குள், துடைத்து ஊடகத்தில் வளரவிட்டு 24 முதல் 48 மணி நேரம் காத்திருக்கிறார்கள். எந்தப் பாக்டீரியா என்ற பெயர் தெரிய வேண்டுமென்றால் இவ்விரண்டில் வளர்ப்பே வழி. கிருமிநாசினி தெளித்த பரப்பில் எடுக்கும்போது அதை முறிக்கும் திரவத்தில் நனைந்த ஸ்வாப்பைக் கேட்டு வாங்க வேண்டும். இல்லையேல் குழாய்க்குள்ளும் கிருமிநாசினி வேலை செய்துகொண்டே இருக்கும். அன்றாடக் கண்காணிப்புக்கு ஏ.டி.பி., நோய் பரவியதாக ஐயம் எழும்போது வளர்ப்பு என்பதே என் பரிந்துரை.

வாங்குமுன்

கருவித் தயாரிப்பாளர் எந்த ஸ்வாப்போடு தம் முறையைச் சரிபார்த்தார் என்ற பட்டியலை எழுத்தில் பெற வேண்டும். அதில் இல்லாத மலிவான ஸ்வாப்பை வாங்கினால் சரிபார்ப்புச் செலவு வாங்குகிறவர் தலையில் விழும். ஒவ்வொரு புதிய தொகுதியிலிருந்தும் எதையும் தொடாத வெற்று ஸ்வாப்கள் சிலவற்றை அதே முறையில் கருவிக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும். அவற்றில் டி.என்.ஏ.யோ, எச்சரிக்கை மணியோ, ஒளியோ தோன்றினால் அந்தத் தொகுதியைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.